பெட்டியில் ஆறு குப்பி இருந்தது

போன வருஷம் ஆறு செவ்வாய்க்கிழமைகள் பெரியப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் வேலை என்னுடையது. சிறுநீர்ப்பையில் இருந்த கட்டியைச் சுரண்டி எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. போனதும் நர்ஸ் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "காலைலேர்ந்து தண்ணி கம்மியாத்தானே குடிச்சீங்க ஐயா?" அப்புறம் மெல்லிய டியூப் ஒன்றைச் சிறுநீர்ப் பாதை வழியாக விட்டு, பையைக் காலி செய்து, 50 மில்லி கலங்கலான திரவத்தை உள்ளே ஏற்றுவார். டியூபை உருவிவிடுவார். இரண்டு மணி நேரம் அடக்கிக்கொள்ள வேண்டும். அதுவும் சும்மா படுத்திருக்க முடியாது. கால் மணிக்கு ஒரு தரம் மல்லாந்து, குப்புற, இடப்பக்கம், வலப்பக்கம் என்று புரள வேண்டும். மருந்து பையின் எல்லாச் சுவரிலும் பட வேண்டுமாம். "தோசையத் திருப்பிப் போடற மாதிரி போடறாங்கடா என்னை" என்பார் பெரியப்பா.

வீட்டுக்கு வந்தால் இன்னொரு சடங்கு. ஆறு மணி நேரத்துக்கு உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும், தெறிக்கக் கூடாது. ஒவ்வொரு தரமும் பிளீச்சை ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். உள்ளே போயிருப்பது உயிருள்ள கிருமி என்பதால் இத்தனை கெடுபிடி. காசநோய்க் கிருமியின் சாதுவான பங்காளி. நம்மில் பெரும்பாலோர் தோளில் சின்ன வட்டத் தழும்பு ஒன்றைப் போட்டுவிட்டுப் போன அதே பிசிஜி.

மூன்றாவது வாரம் பெரியப்பா டாக்டரிடம் கேட்டார்: "ஆறு வாரம்னு ஏன் சார்? அஞ்சோ எட்டோ ஏன் இல்ல?" டாக்டர் சிரித்தார். "ஆரம்பத்திலேர்ந்து அப்படித்தான் குடுக்கறோம் ஐயா." மழுப்புகிறார் என்று நினைத்தேன். பிற்பாடு தேடிப் படித்தபோது, அவர் சொன்னது கிட்டத்தட்ட முழு உண்மை என்று தெரிந்தது. அந்த ஆறுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அந்த ஆறைப் பிடித்துக்கொண்டு போனால், இந்தப் புற்றுநோயில் ஐம்பது வருஷ ஆராய்ச்சி எப்படி நடந்தது என்பதும் புரிந்துவிடும்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். சிறுநீர்ப்பைப் புற்று பெரும்பாலும் வலியில்லாமல் வரும். சிறுநீரில் ரத்தம் தெரியும், ஓரிரு நாளில் தானாக நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று விட்டுவிடுவதில்தான் பலர் மாதக்கணக்கில் நேரத்தைத் தொலைக்கிறார்கள். 'உடம்பு சூடு' என்று இளநீரும் வெந்தயமும் சாப்பிட்டுக் காத்திருப்பது நம் வீடுகளில் நடப்பதுதான். எங்கள் வீட்டிலும் நடந்தது. ரத்தம் வந்தால் புற்று என்றும் அர்த்தமில்லை. கல், கிருமித் தொற்று, சிறுநீரகக் காசநோய் எல்லாமே இதே ரத்தத்தைக் காட்டும். அதனால்தான் ஸ்கேனோடு நிறுத்தாமல் சிஸ்டோஸ்கோப்பி செய்கிறார்கள்: விளக்கும் கேமராவும் உள்ள குழாயை உள்ளே விட்டு நேரடியாகப் பார்ப்பது. 1870களின் கடைசியில் ஜெர்மானிய மருத்துவர் மாக்ஸிமிலியன் நிட்ஸே செய்த கருவியின் வாரிசு அது. சிறுநீரில் உதிரும் செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனையும் உண்டு. மூர்க்கமான புற்றை அது நன்றாகவே பிடிக்கும், சாதுவானதைக் கோட்டை விடும்.

கட்டி தெரிந்தால், சூடேற்றிய கம்பி வளையத்தால் உள்ளே இருந்தபடியே சுரண்டி எடுக்கிறார்கள். எடுத்த சதையைப் பார்க்கும் நிபுணர் தேடுவது முக்கியமாக ஒன்றை: புற்று பையின் தசைச் சுவருக்குள் இறங்கிவிட்டதா? இறங்கியிருந்தால் பையையே எடுப்பது, அல்லது கீமோவும் கதிர்வீச்சும் சேர்ந்த சிகிச்சை என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். கண்டுபிடிக்கும்போது சுமார் நான்கில் மூன்று பேருக்குத் தசை வரை போயிருக்காது. ஒன்று கவனிக்க வேண்டும். சுரண்டி எடுத்ததில் தசைத் துணுக்கே இல்லை என்றால், 'தசைக்குப் போகவில்லை' என்ற அறிக்கைக்கு மதிப்பு குறைவு. தசைக்கு முந்தைய அடுக்கு வரை இறங்கியவர்களுக்குச் சில வாரங்களில் இரண்டாம் தடவை சுரண்டிப் பார்ப்பது இதனால்தான். 'ஒரு ஆபரேஷனுக்கு ரெண்டு ஆபரேஷன் பண்றாங்களே' என்று சந்தேகப்படுகிற குடும்பங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

தசைக்குப் போகாத புற்றின் குணம், வயலில் கோரை முளைப்பது மாதிரி. பிடுங்கினால் பக்கத்தில் இன்னொன்று. அதிலும் தட்டையாக, சிவந்த வெல்வெட் துணிபோலப் படரும் ஒரு வகை இருக்கிறது. சிஐஎஸ் என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்வார்கள். சுரண்டி முழுசாக எடுக்க முடியாது, விட்டால் தசைக்குள் இறங்கும். பெரியப்பாவுக்கு வந்தது இதுவும் கட்டியும் கலந்தது.

ஏன் வருகிறது என்ற கேள்விக்கு முதல் துப்பு 1895இல் கிடைத்தது. ஃபுக்ஸின் என்ற சாயம் தயாரித்த 45 தொழிலாளர்களில் 3 பேருக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி இருந்ததை ஃபிராங்ஃபர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் கவனித்தார். சாயத்தில் உள்ள அரோமாட்டிக் அமின்கள் என்ற ரசாயனங்கள் சிறுநீர் வழியாக வெளியேறும்போது பையின் உட்சுவரைக் கெடுக்கின்றன என்பது பிறகு தெளிவானது. திருப்பூரில் துணி ஏற்றுமதி செய்கிறவர்கள் 'அசோ ஃப்ரீ' என்று சொல்வதன் வேர் இதுதான். இப்படிப்பட்ட அமின்களை வெளிவிடும் சாயங்களை ஜெர்மனி 1994லும் இந்தியா 1997லும் தடை செய்தன. சாயப்பட்டறைக்கே போகாதவர்களுக்கு அதே அமின்களைக் கொண்டுவந்து சேர்ப்பது புகையிலைப் புகை. மேலை நாடுகளில் இந்தப் புற்றுகளில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் அதுதான். பெரியப்பா சிகரெட்டை விட்டு இருபது வருஷம் ஆகிறது. நோய் கணக்கை மறக்கவில்லை.

சரி, ஆறுக்கு வருவோம்.

பிசிஜியை உருவாக்கியவர்கள் பிரான்சின் லீல் நகரில் வேலை பார்த்த ஆல்பெர் கால்மெத்தும் கமீய் கெரானும். மாட்டுக் காசநோய்க் கிருமியை எடுத்து, பித்தநீரில் வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் வளர்த்து, சில வாரத்துக்கு ஒருமுறை புது உருளைக்கிழங்குக்கு மாற்றி, மாற்றி, 13 வருஷம் அதையே செய்தார்கள். இருநூற்றுக்கும் மேற்பட்ட மாற்றங்கள். கிருமி உயிரோடு இருந்தது, கொல்லும் குணம் மட்டும் போய்விட்டது. 1921இல் பாரிஸில் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள்.

புற்றுநோய்க்கும் இதற்கும் முடிச்சு விழுந்ததே ஒரு பிழையான கணக்கால். 1929இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ரேமண்ட் பேர்ல், பிரேதப் பரிசோதனைப் பதிவுகளைப் புரட்டி, காசநோய் இருந்தவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக இருக்கிறது என்று எழுதினார். ஒப்பிட்ட விதமே கோணல் என்று பின்னால் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் செத்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இப்படித்தான் ஆகும் என்று புள்ளியியல் வகுப்புகளில் இன்றும் அதை உதாரணம் காட்டுகிறார்கள். ஆனால் எண்ணம் தங்கிவிட்டது. 1959இல் லாயிட் ஓல்டும் அவர் குழுவும் பிசிஜி ஏற்றிய எலிகளில் கட்டி வளர்வது மட்டுப்படுவதைக் காட்டினார்கள். 1969இல் பாரிஸின் ஜார்ஜ் மாத்தே, ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்கு பிசிஜி கொடுத்துப் பலன் கிடைத்ததாக அறிவித்தார். அவ்வளவுதான், உலகம் முழுக்க ஒரு பிசிஜி அலை. நுரையீரல், மார்பு, குடல், தோல் என்று எல்லாப் புற்றிலும் போட்டுப் பார்த்தார்கள். பத்து வருஷத்துக்குள் அலை வடிந்தது. சீட்டுக் குலுக்கி நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்தபோது பெரும்பாலான இடங்களில் ஒன்றும் இல்லை.

அந்த ஆரவாரத்தில் அமெரிக்காவின் பர்ட்டன் ஸ்பார் என்ற ஆராய்ச்சியாளர் கினிப் பன்றிகளை வைத்துச் சலிக்காமல் வேலை செய்துகொண்டிருந்தார். பிசிஜி எப்போது வேலை செய்கிறது, எப்போது செய்வதில்லை என்பதே அவர் கேள்வி. கட்டி சின்னதாக இருக்க வேண்டும், கிருமி கட்டியை நேராகத் தொட வேண்டும், போதுமான எண்ணிக்கையில் உயிரோடு இருக்க வேண்டும், அந்த உடம்புக்கு அதை எதிர்க்கும் தெம்பும் இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளைப் படித்துவிட்டுச் சிறுநீர்ப்பையை நினைத்துப் பாருங்கள். கட்டியைச் சுரண்டியபின் மிச்சம் கொஞ்சம்தான். மருந்தை நேரடியாக ஊற்றி இரண்டு மணி நேரம் தேக்கி வைக்க வாகான பாத்திரம் வேறு. 1966இலேயே கோ, ஃபெல்ட்மன் என்ற இருவர், கினிப் பன்றியின் சிறுநீர்ப்பை கிட்டத்தட்ட தோல் அளவுக்குத் தீவிரமாக இப்படிப்பட்ட நோயெதிர்ப்பு எதிர்வினையைக் காட்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தவர் கனடாவின் கிங்ஸ்டன் நகரில், குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் சிறுநீரக அறுவை மருத்துவராக இருந்த ஆல்வரோ மொராலெஸ். பிசிஜி எங்கிருந்து வாங்குவது? மாண்ட்ரியலில் இருந்த அர்மான் ஃப்ராப்பியே நிறுவனம் கொடுத்தது. அவர்கள் பெட்டியில் தனித்தனிக் குப்பிகளாக அடைத்து அனுப்புவார்கள். ஒரு பெட்டியில் ஆறு குப்பி. ஒருவருக்கு ஒரு பெட்டி என்று வைத்துக்கொண்டார் மொராலெஸ். மருந்து ஏற்றியபின் வரும் எரிச்சலும் அடிக்கடி போகும் தொல்லையும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிட்டதால், வாரம் ஒன்று. ஆறு வாரம். ஒரு குப்பியில் 120 மில்லிகிராம், அதை 50 மில்லி உப்புநீரில் கரைத்து இரண்டு மணி நேரம். கூடவே தொடையிலும் பிசிஜியைக் குத்தினார். அது தேவையில்லை என்று பிந்தைய சோதனைகள் காட்டின, கைவிட்டார்கள். ஆறு மட்டும் நின்றுவிட்டது.

1976இல் வந்த அந்தக் கட்டுரையில் நோயாளிகள் மொத்தம் 9 பேர். ஒப்பீட்டுக் குழு கிடையாது. ஒவ்வொருவரையும் அவருடைய பழைய வரலாற்றோடு ஒப்பிட்டார்: சிகிச்சைக்கு முன் எல்லோருக்கும் சேர்த்து 77 மாதங்களில் 22 தடவை கட்டி மறுபடி முளைத்தது, சிகிச்சைக்குப் பின் 41 மாதங்களில் ஒரே ஒரு தடவை. இன்றைய கண்ணோடு பார்த்தால் இது ஆதாரமே இல்லை. பெரிய சோதனைக்குப் பணம் கேட்டுக் கனடாவின் புற்றுநோய் அமைப்புக்கு எழுதியபோது, இது கற்கால நோயெதிர்ப்பியலுக்குத் திரும்பும் முயற்சி என்ற தொனியில் மறுப்பு வந்தது. மறுத்தவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிசிஜி அலை வடிந்துகொண்டிருந்த நேரம் அது. 9 பேரின் கணக்கை வைத்து நானாக இருந்தாலும் தயங்கியிருப்பேன்.

அமெரிக்கா பணம் கொடுத்தது. டெக்ஸாஸின் டொனால்ட் லாம் குழுவும் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் குழுவும் முறையாகச் சீட்டுக் குலுக்கிச் சோதித்தன. இரண்டிலும் பிசிஜி ஜெயித்தது. 1991இல் வந்த இன்னொரு சோதனையில் 262 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தையும் மீதிப் பேருக்கு பிசிஜியையும் பைக்குள் ஏற்றினார்கள். ஐந்து வருஷம் கழித்து சிஐஎஸ் வகையினரில் நோயில்லாமல் இருந்தவர்கள் கீமோவில் 18 சதவீதம், பிசிஜியில் 45 சதவீதம். அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1990இல், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்துவிட்டது. நோயெதிர்ப்பைத் தூண்டிப் புற்றைத் தாக்கும் சிகிச்சைகளில் உலகெங்கும் அன்றாடப் புழக்கத்துக்கு வந்த முதல் வெற்றி இதுதான் என்று பலர் சொல்வார்கள்.

ஆறோடு விட்டால் போதுமா? லாம் குழு இதை வேறு விதமாக அணுகியது. ஏற்கெனவே ஆறு வாரம் எடுத்தவர்களுக்கு மறுபடி கொடுக்கும்போது எதிர்வினை எப்போது உச்சத்துக்குப் போகிறது என்று பார்த்தார்கள். முதல் தடவை ஆறாவது வாரத்தில் போகும் உச்சம், இரண்டாம் தடவை மூன்றாவது வாரத்திலேயே வந்துவிட்டது. அதற்கு மேல் கொடுத்தால் வேலை மந்தமாகிறது, தொல்லை கூடுகிறது. அதனால் 3ஆம் மாதம், 6ஆம் மாதம், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தரம், மொத்தம் மூன்று வருஷம், ஒவ்வொரு தடவையும் மூன்று வாரம் என்று வகுத்தார்கள். 2000இல் வெளியான முடிவில் 384 பேர். வெறும் ஆறு வாரத்தோடு நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பாத இடைக்காலம் 35.7 மாதம், தொடர்ந்தவர்களுக்கு 76.8 மாதம். இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் மூன்று வருஷத்தையும் முழுசாக முடித்தவர்கள் 16 சதவீதம்தான். எரிச்சல், காய்ச்சல், அலுப்பு. ஒவ்வொரு தடவையும் பெரியப்பா இரவில் ஏழெட்டு முறை எழுந்து நடந்ததைப் பார்த்தபிறகு அந்த 16 எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இங்கே கொஞ்சம் நம் ஊருக்கு வந்துவிட்டுப் போகலாம். கிண்டியில் 1948இலிருந்து பிசிஜி தயாரிக்கும் அரசு ஆய்வகம் இருக்கிறது. 1968இல் அந்தக் காலச் செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து ஒரு மாபெரும் சோதனை தொடங்கினார்கள். பிசிஜி நுரையீரல் காசநோயைத் தடுக்கிறதா என்பதுதான் கேள்வி. டேனிஷ் வகை, பிரெஞ்சு வகை, வெறும் ஊசி என்று மூன்று பிரிவு. ஏழரை வருஷம் கழித்து வந்த விடை உலகத்தையே உலுக்கியது: பாதுகாப்பு ஏறக்குறைய பூஜ்யம். 15 வருஷம் தொடர்ந்து பார்த்தும் மாறவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை பிசிஜி நன்றாகவே தடுக்கிறது, அதனால்தான் இன்றும் போடுகிறோம். ஆனால் எந்த வேலைக்காக அதைப் பதின்மூன்று வருஷம் உருளைக்கிழங்கில் வளர்த்தார்களோ, அந்த வேலையில் திருவள்ளூர்க் கிராமங்களில் அது தோற்றது. கிட்டத்தட்ட அதே வருஷங்களில்தான் கனடாவில் யாரும் எதிர்பார்க்காத ஓர் உறுப்பில் அது ஜெயித்துக்கொண்டிருந்தது.

எப்படி வேலை செய்கிறது? பிசிஜி புற்றை நேராகக் கொல்வது சிறு பங்குதான். பையின் சுவரில் இருக்கும் ஃபைப்ரோநெக்டின் என்ற புரதத்தில் அது ஒட்டிக்கொள்கிறது, செல்களுக்குள் நுழைகிறது. உடம்பு அதைக் காசநோய் என்றே நினைத்துப் படையை அனுப்புகிறது. முதலில் வெள்ளையணுக்களின் முன்னணி, பிறகு டி செல்கள். சில மணி நேரத்தில் சிறுநீரில் அழற்சிப் புரதங்கள் ஏறுகின்றன. வந்த படை கிருமியை மட்டும் தேடாமல் அக்கம்பக்கத்துப் புற்றுச் செல்களையும் சேர்த்து அடிக்கிறது. பெரியப்பாவுக்கு இதைச் சொன்னபோது, "திருடனைப் பிடிக்க வந்த போலீஸ், பக்கத்து வீட்டு ரவுடியையும் அள்ளிட்டுப் போன மாதிரி" என்றார். எனக்கு அதைவிட நல்ல விளக்கம் தோன்றவில்லை. தோள் தழும்பு இங்கே உதவுமா என்ற கேள்வியும் உண்டு. 2012இல் வந்த ஓர் ஆய்வு, ஏற்கெனவே பிசிஜியை அறிந்திருக்கும் எலிகளிலும் மனிதர்களிலும் பலன் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. சின்ன எண்ணிக்கையில் பார்த்த விஷயம் அது. தழும்பு இருப்பதால் நமக்குக் கட்டாயம் கேட்கும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

பெட்டி அளவில் பிறந்த ஒரு எண்ணை யாராவது மாற்றிப் பார்க்க மாட்டார்களா? பார்த்தார்கள். அளவைக் குறைத்த ஐரோப்பியச் சோதனை 2013இல் வந்தது, 1355 பேர். மூன்றில் ஒரு பங்கு மருந்தா முழு மருந்தா, ஒரு வருஷமா மூன்று வருஷமா என்று நான்கு விதமாகப் பிரித்தார்கள். மோசமான வகையினருக்கு முழு அளவு மூன்று வருஷமே நல்லது, நடுத்தர அபாயம் உள்ளவர்களுக்கு முழு அளவு ஒரு வருஷம் போதும் என்று வந்தது. யாரும் எதிர்பார்க்காத செய்தி, மருந்தைக் குறைத்ததால் பக்கவிளைவு குறையவில்லை.

ஆறிலேயே நேரடியாகக் கை வைத்தது நிம்பஸ் என்ற சோதனை. ஒருமுறை உடம்புக்கு அறிமுகமான கிருமியை வாராவாரம் காட்ட வேண்டிய அவசியமில்லை, தடுப்பூசி மாதிரி முதல் வாரம், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம் என்று மூன்று தடவை போதும் என்பது அவர்கள் யோசனை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தொடர் சிகிச்சையையும் சேர்த்து 15 தடவைக்குப் பதில் 9. 345 பேர் சேர்ந்திருந்தபோது கணக்கைப் பார்த்தார்கள்: வழக்கமான குழுவில் 12 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியிருந்தது, குறைத்த குழுவில் 27 சதவீதம். சோதனையை நிறுத்திவிட்டார்கள். ஃப்ராப்பியே நிறுவனத்தில் பெட்டி அடைத்தவர் யாரோ, கணக்கே பார்க்காமல் சரியான எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார். ஐந்து போதுமா, எட்டு இன்னும் நல்லதா என்பதை யாரும் இந்த அளவுக்குச் சோதிக்கவில்லை. ஆகவே ஆறு சிறந்ததா என்று கேட்டால், மூன்றைவிட நல்லது என்று மட்டும் சொல்லலாம்.

இதற்கிடையே மருந்துக்கே பஞ்சம். பிசிஜி சோம்பேறிக் கிருமி, இரட்டிப்பாகவே ஒரு நாள் பிடிக்கும். ஒரு தொகுதி தயாராக மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். விலையும் மலிவு என்பதால் புதிதாக யாரும் ஆலை கட்ட முன்வரவில்லை. 2012இல் டொராண்டோவில் சனோஃபியின் ஆலை மூடப்பட்டது. கடைசியில் கன்னாட் என்ற தன் வகையைத் தயாரிப்பதையே அது நிறுத்திக்கொண்டது. அமெரிக்காவுக்கு மெர்க் நிறுவனத்தின் டைஸ் வகை மட்டும் மிஞ்சியது. இதில் வேடிக்கை என்னவென்றால், 2014இல் வந்த ஒரு ஸ்விஸ் சோதனையில் இரண்டையும் நேருக்கு நேர் வைத்தபோது, ஐந்து வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் கன்னாட்டில் 74 சதவீதம், டைஸில் 48. சின்னச் சோதனை, தொடர் சிகிச்சையும் கொடுக்கவில்லை, அதனால் இதுவே கடைசித் தீர்ப்பு ஆகாது. இருந்தாலும் நின்றுபோனது எது என்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பஞ்சத்தில் ஒரு குப்பியை மூன்று பேருக்குப் பங்கிட்டார்கள். அயோவா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஓ'டானல் குழு, ஜெம்சிட்டாபின், டோசிடாக்ஸல் என்ற இரண்டு பழைய கீமோ மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பைக்குள் ஏற்றும் முறையை வளர்த்தது. பிசிஜி கேட்காதவர்களுக்காகத் தொடங்கியது அது. இப்போது பிசிஜிக்கு நேர் போட்டியாகவே பெரிய சோதனையில் இருக்கிறது. நம் நாட்டில் புனேயின் சீரம் நிறுவனம் புற்றுக்கான பிசிஜியைத் தனியாகத் தயாரித்து விற்கிறது. பெரியப்பாவுக்குத் தட்டுப்பாடு ஏதும் வரவில்லை.

பிசிஜி கேட்காமல் போனால்? பையையே எடுத்துவிடுவதுதான் பழைய பதில். குடலின் ஒரு துண்டை வைத்துச் சிறுநீரை வயிற்றின் பக்கத்தில் ஒட்டிய பைக்குத் திருப்பிவிடுவார்கள். எழுபதை நெருங்கும் பலர் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறார்கள். இவர்களுக்குப் புது மருந்தை எப்படிச் சோதிப்பது என்பது எஃப்டிஏவுக்குத் தலைவலியாக இருந்தது. ஒரு பாதிப் பேருக்குப் புது மருந்து, மறு பாதிக்கு என்ன கொடுப்பது? வேலை செய்யாது என்று தெரிந்த பிசிஜியையா? அதனால் 2018இல், ஒப்பீட்டுக் குழு இல்லாமலே சோதிக்கலாம் என்று வழி விட்டார்கள், இரண்டு நிபந்தனைகளோடு. முக்கியமாக சிஐஎஸ் உள்ளவர்களிடம் பார்க்க வேண்டும். கட்டியாக இருந்தால் சுரண்டியதால் போனதா மருந்தால் போனதா என்று தெரியாது, சிஐஎஸ் சுரண்டிப் போவதில்லை. இரண்டாவது, பிசிஜி உண்மையிலேயே போதுமான அளவு கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். போதுமான அளவு என்றால்? முதல் ஆறில் குறைந்தது ஐந்து, அடுத்த சுற்றில் குறைந்தது இரண்டு. மாண்ட்ரியல் பெட்டியின் அளவு எஃப்டிஏவின் வரையறைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது.

அந்த வழியில் வரிசையாக மருந்துகள் வந்தன. 2020 ஜனவரியில் பெம்ப்ரோலிசுமாப்: சிஐஎஸ் இருந்த 96 பேரில் 41 சதவீதம் பேருக்கு மூன்றாம் மாதம் நோய் தென்படவில்லை. 2022 டிசம்பரில் ஒரு மரபணு மருந்து. 2024 ஏப்ரலில் பிசிஜியோடு சேர்த்துக் கொடுக்கும் அன்க்டிவா. 2025 செப்டம்பரில் வந்தது எனக்குப் பிடித்தது: பைக்குள் விட்டதும் நம்ம ஊர் முறுக்கு மாதிரி சுருண்டுகொள்ளும் குட்டிக் குழல். ஜெம்சிட்டாபினை மூன்று வாரம் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அது சோதிக்கப்பட்ட 83 பேரில் 82 சதவீதம் பேருக்கு நோய் மறைந்தது. 82 பெரிசு, 41 சின்னது என்று இவற்றை வரிசைப்படுத்திவிடக் கூடாது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சோதனைகள், ஆட்கள் வேறு, பார்த்த விதம் வேறு. எத்தனை பேருக்கு மறைந்தது என்பதோடு எத்தனை மாதம் மறைந்தே இருந்தது என்றும் கேட்க வேண்டும். விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை நம் ஊர் வார்டுகளில் இன்னும் பெயராகக்கூட வந்து சேரவில்லை.

2025இல் வந்த இன்னொரு செய்தி நம் எண் கதைக்கு நேராகப் பொருந்துகிறது. பிசிஜியைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கே அதோடு நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்தால் என்ன என்று தலா ஆயிரம் பேருக்கு மேல் வைத்து இரண்டு சோதனைகள், கிரெஸ்ட், போட்டோமாக். இரண்டிலும் சேர்த்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது, கூடவே கடுமையான பக்கவிளைவு பல மடங்கு கூடியது. அல்பான் என்ற மூன்றாவது சோதனையில் பலனே இல்லை. ஆனால் முதல் இரண்டிலும் இன்னொரு பிரிவு இருந்தது: புது மருந்தோடு ஆறு வார பிசிஜி மட்டும், தொடர் சிகிச்சை கிடையாது. பக்கவிளைவோடு வந்த அத்தனை விலையுள்ள மருந்தைச் சேர்த்தும், அந்தப் பிரிவு வழக்கமான பிசிஜியைத் தாண்டவில்லை. லாம் வகுத்த மூன்று வாரங்களைத் தவிர்க்கும் குறுக்கு வழி இன்னும் கிடைக்கவில்லை.

பெரியப்பாவுக்கு மூன்றாம் மாத சிஸ்டோஸ்கோப்பியில் பை சுத்தமாக இருந்தது. திரையில் வெளிர் இளஞ்சிவப்பாகத் தெரிந்த சுவரைக் காட்டி, "இங்கதான் இருந்துச்சு, பாருங்க" என்றார் டாக்டர். அங்கே ஒரு வெண்மையான வடு மட்டும். அடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து மறுபடி மூன்று வாரம்.

முதல் நாள் மருந்து ஏற்றி, குப்புறப் படுக்கவைத்துவிட்டு நர்ஸ் போனதும் ஆறு குப்பிக் கதையைச் சொன்னேன். முகத்தைத் தலையணையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப இந்த மூணு? இதுவும் எவனோ பொட்டலம் கட்டினதா?"

"இல்ல பெரியப்பா, இது அளந்து பார்த்துச் சொன்னது."

"சரி" என்று சொல்லிவிட்டு, மணியைப் பார்த்து, வலப்பக்கம் புரண்டு படுத்தார்.